ரெக்கார்டு நோட்டை மூடிவிட்டு எழுதக் கற்றுக்கொடுங்கள்

தமிழ்நாட்டின் பாலிடெக்னிக் கல்லூரிகளுக்குப் பாடத்திட்டம் வகுக்கும் குழுக்களில் இருப்பவர்களுக்கும், ஆய்வகத்திலும் ஒர்க் ஷாப்பிலும் பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

கோவைப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்புப் பிரிவைக் கவனித்து வருகிறேன். ஆண்டுதோறும் டிப்ளமோ முடித்த பிள்ளைகள் எங்களிடம் வேலைக்கு வருகிறார்கள். நல்ல பிள்ளைகள். மெகர் வைத்து இன்சுலேஷன் பார்க்கத் தெரிகிறது. சத்தத்தைக் கேட்டே எந்த பேரிங் போகப்போகிறது என்று சில மாதங்களில் சொல்லப் பழகிவிடுகிறார்கள். ஆனால் பார்த்ததையும் செய்ததையும் எழுதச் சொன்னால் அப்படியே நின்றுவிடுகிறார்கள். இத்தனைக்கும் இவர்கள் மூன்று ஆண்டுகள் வாரந்தோறும் பக்கம் பக்கமாக எழுதியவர்கள். அவ்வளவு எழுதியும் எழுத வரவில்லை என்றால், எழுத வைத்த முறையில்தான் கோளாறு இருக்க வேண்டும். அதைப் பற்றி உங்களிடம் பேசத்தான் இந்த மடல்.

ஒரு உதாரணம் சொல்கிறேன். எங்கள் ப்ரேக்டவுன் ரிஜிஸ்டரில் அடுத்தடுத்த மூன்று ஷிஃப்டில் ஒரே வரி: "கூலிங் டவர் பம்பு மோட்டார் ஓவர்லோட் ட்ரிப். ரீசெட் செய்து ஓட்டப்பட்டது. ஓகே." அதாவது, கரண்ட் அளவு மீறியதால் மோட்டார் தானாக நின்றிருக்கிறது. நான்காவது ஷிஃப்டில் மோட்டார் எரிந்து ரீவைண்டிங்குக்குப் போனது. அப்புறம் விசாரித்தபோதுதான் தெரிந்தது, இரண்டாவது ஷிஃப்டில் இருந்த பையன் டாங் டெஸ்டர் வைத்து மூன்று ஃபேஸிலும் கரண்ட் பார்த்திருக்கிறான். ஒரு ஃபேஸில் மட்டும் பாதிக்கும் குறைவாக இருந்திருக்கிறது. அந்த எண்களை உள்ளங்கையில் பேனாவால் எழுதியும் வைத்திருந்தான். ரிஜிஸ்டரில் ஏன் எழுதவில்லை என்று கேட்டேன். "அதையெல்லாம் எழுதணுமா சார்?" என்றான். உண்மையாகவே அவனுக்குத் தெரியவில்லை. யாரும் அவனிடம் சொன்னதில்லை.

அவன் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான் (ஆர், ஒய், பி என்பவை மூன்று ஃபேஸ்கள்; கான்டாக்டர் என்பது மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்):

"கூலிங் டவர் 2-ஆம் பம்பு மோட்டார் (15 எச்பி, பெயர்ப்பலகையில் 21 ஆம்பியர்) இரவு 11.40-க்கு ஓவர்லோடில் ட்ரிப் ஆனது. ரீசெட் செய்து ஓட்டியபோது கரண்ட்: ஆர் 25, ஒய் 26, பி 11 ஆம்பியர். கான்டாக்டருக்கு முன்னால் மூன்று ஃபேஸிலும் வோல்டேஜ் சரியாக இருக்கிறது. பி ஃபேஸ் கான்டாக்ட் கருகியிருக்கிறது. சுத்தம் செய்தபின் மூன்றிலும் 19 ஆம்பியர். இது தற்காலிகம். மாற்று கான்டாக்ட் ஸ்டோரில் இல்லை. கான்டாக்ட் மாற்றும்வரை இந்த மோட்டாரை ஓட்ட வேண்டாம். அதுவரை 1-ஆம் பம்பை ஓட்டலாம்."

ஐந்து நிமிட வேலை. இலக்கண நயம் வேண்டாம், ஆங்கிலம் வேண்டாம். எது, எப்போது, எவ்வளவு, என்ன பார்த்தேன், என்ன செய்தேன், என்ன பாக்கி, அடுத்தவர் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் இதில் வந்துவிட்டது. இதில் கடைசி இரண்டு வாக்கியங்கள்தான் எனக்கு மிக முக்கியமாகப் படுகின்றன. அவற்றை எழுத வேண்டுமானால், காலையில் வரப்போகிற ஒரு ஆளை மனதில் நிறுத்திப் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு அந்தப் பழக்கமே கிடையாது. காரணம், அவர்கள் எழுதியதை இதுவரை யாரும் ஒரு காரியத்துக்காகப் படித்தது இல்லை.

ரெக்கார்டு நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை, அட்டவணை, முடிவு. வலது பக்கம் பேனா, இடது பக்கம் பென்சில். சீனியரின் நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிக்கு வரி பார்த்து எழுதுகிறார்கள். "இவ்வாறு கொடுக்கப்பட்ட மோட்டாரின் செயல்திறன் கண்டறியப்பட்டது" என்று முடிகிறது. யார் கண்டறிந்தார், அதை வைத்து என்ன செய்வது என்று அந்த வாக்கியத்தில் எதுவும் இல்லை. ஆசிரியர் தேதி போட்டுக் கையெழுத்திடுகிறார். தேர்வன்று வெளித் தேர்வாளர் புரட்டிப் பார்க்கிறார். அட்டை, அட்டவணைக்கு அடித்த கோடு, கையெழுத்தின் அழகு இவற்றுக்கு மதிப்பெண் போகிறது. ஆசிரியர்களைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். ஒரு வகுப்பு முழுவதும் ஒரே வாசகத்தை எழுதிக் கொண்டுவந்தால் அதில் படிப்பதற்கு என்னதான் இருக்கிறது?

இதைவிட எனக்குக் கவலை தருவது ரீடிங் விஷயம். கிராஃப் நேர்கோடாக வரவில்லை என்றால், வர வைக்கும்படி எண்களை மாற்றி எழுதும் பழக்கம் நம் ஆய்வகங்களில் ஊறிப் போயிருக்கிறது. நீங்களும் அறிவீர்கள், நானும் அறிவேன். மாணவனுக்கு அது பொய்யாகவே தோன்றுவதில்லை. சரியான விடைக்குத்தானே மதிப்பெண்? அதே மாணவன் பிறகு ஒரு பாய்லர் பக்கத்திலோ கம்ப்ரஸர் பக்கத்திலோ லாக் ஷீட் நிரப்புகிறான். மணிக்கு ஒரு முறை பிரஷர், டெம்பரேச்சர். விடிய விடிய ஒரே எண், இம்மி பிசகாமல். அப்படி ஒரு தாளைப் பார்த்தால் எனக்கு வயிறு கலங்கும். நிஜத்தில் ஓடும் எந்த இயந்திரமும் இரவு முழுக்க ஒரே எண்ணைக் காட்டாது. ஆய்வகத்தில் ரீடிங் பொருந்தாமல் போன அன்றுதான் அந்த மாணவன் கற்றுக்கொள்ள நிறைய இருந்தது. "நான்காவது ரீடிங் மற்றவற்றோடு சேரவில்லை. மீட்டர் ஊசி நடுங்கியது. மறுபடி எடுக்க நேரம் இல்லை" என்று அவன் எழுதியிருந்தால் முழு மதிப்பெண்ணும் கொடுத்திருக்க வேண்டும்.

எழுத்து என்பது வேலை முடிந்தபின் செய்யும் சம்பிரதாயம் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்வது பைப்பர் ஆல்ஃபா கதை. ஸ்காட்லாந்துக்குக் கிழக்கே வட கடலில் நின்ற எண்ணெய், எரிவாயு மேடை அது. 1988 ஜூலை 6. அங்கே கண்டன்சேட்டை, அதாவது எரிவாயுவில் இருந்து பிரியும் திரவத்தை, தள்ளும் ஏ, பி என்று இரண்டு பம்புகள் இருந்தன. ஏ பம்போடு சேர்ந்த பிரஷர் சேஃப்டி வால்வைச் சோதனைக்காகப் பகலில் கழற்றி, அந்த இடத்தில் ஒரு மூடித் தகட்டைப் பொருத்தினார்கள். மாலைக்குள் வால்வைத் திரும்ப மாட்ட முடியவில்லை. வால்வு இல்லை என்ற செய்தி ஷிஃப்ட் மாறும்போது இரவு ஆட்களிடம் போய்ச் சேரவில்லை. இரவு பி பம்பு நின்றுபோய், திரும்ப ஓட மறுத்தது. ஏ பம்பை ஓட்டலாமா என்று காகிதங்களைத் தேடினார்கள். அந்தப் பம்பில் இன்னும் தொடங்காத வேறொரு பராமரிப்பு வேலைக்கான பெர்மிட்தான், அதாவது வேலை அனுமதிச் சீட்டுதான், கிடைத்தது. வால்வு பெர்மிட் கண்ணில் படவில்லை. ஏ பம்பை ஓட்டினார்கள். மூடித் தகட்டின் வழியாகக் கசிந்தது. இரவு 10 மணி வாக்கில் வெடித்தது. 167 பேர் இறந்தார்கள். விசாரித்த கல்லன் பிரபு 1990-இல் கொடுத்த அறிக்கையில், பெர்மிட் முறையும் ஷிஃப்ட் ஒப்படைப்பும் எப்படித் தளர்ந்து கிடந்தன என்று விரிவாகவே எழுதப்பட்டிருக்கிறது.

அந்தப் பேரழிவுக்கு வடிவமைப்பு, நிர்வாகம் என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் "ஏ பம்பில் சேஃப்டி வால்வு இல்லை, ஓட்டாதீர்கள்" என்ற ஒரு வரி சரியான இடத்தில், சரியான ஆளின் கண்ணில் பட்டிருந்தால் அன்று இரவு அந்தப் பம்பை யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். நம் சிறு தொழிற்சாலைகளிலும் அதே பெர்மிட் புத்தகங்கள் இருக்கின்றன, அதே ஷிஃப்ட் மாற்றம் நடக்கிறது. அந்தப் புத்தகத்தில் எழுதுபவர் உங்கள் மாணவர்.

இதற்கு மாற்று வெளிநாட்டில் இருந்து வர வேண்டியதில்லை. உங்கள் கல்லூரியிலேயே, சிவில் பிரிவில் இருக்கிறது. கிண்டிப் பொறியியல் கல்லூரியின் வேர், மைக்கேல் டாப்பிங் 1794-இல் சென்னையில் தொடங்கிய சர்வே பள்ளி. நம் மண்ணில் தொழில்நுட்பக் கல்வி நில அளவையில்தான் ஆரம்பித்தது. நில அளவையின் உயிர், களத்தில் நின்றே அளவுகளைக் குறிக்கும் ஃபீல்டு புக். சங்கிலி வைத்து அளக்கும் செயின் சர்வேயின் ஃபீல்டு புக்கைப் பாருங்கள். பக்கத்தின் அடியில் தொடங்கி மேல்நோக்கி எழுதுவார்கள். நடந்து போகிற திசையும் எழுதுகிற திசையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. நடுவில் செயின் தூரம், இடப்பக்கம் இருப்பது இடது, வலப்பக்கம் இருப்பது வலது. தேதி, வடக்கு எங்கே, யார் அளந்தது எல்லாம் இருக்கும். எழுதியதை ரப்பர் வைத்து அழிக்கக் கூடாது. தவறென்றால் கோடு போட்டு அடித்துவிட்டு மேலே எழுத வேண்டும். அந்த நிலத்தைக் கண்ணாலேயே பார்க்காத ட்ராஃப்ட்ஸ்மேன் அந்தப் புத்தகத்தை மட்டும் வைத்து வரைபடம் வரைய வேண்டும் என்பதுதான் கணக்கு. வரைய முடியவில்லை என்றால் எழுதியவர் மறுபடி வெயிலில் போய் நிற்க வேண்டும்.

பொதுப்பணித் துறையில் முடிந்த வேலையின் அளவுகளைப் பதியும் எம்-புக்கும் (மெஷர்மென்ட் புக்) இந்த ஒழுங்கில் வந்ததுதான். பக்க எண் அச்சிட்டது, தாள் கிழிக்கக் கூடாது, அடித்த இடத்தில் சுருக்கொப்பம். அதை நம்பித்தான் பில் பாஸ் ஆகிறது.

இந்த ஒழுங்கை எலக்ட்ரிக்கல், மெக்கானிக்கல் ஆய்வகத்துக்கும் கொண்டுவர முடியாதா? முடியும் என்றே நம்புகிறேன். ஆய்வகத்தில் ரீடிங் எடுக்கும்போது கிறுக்கி எழுதுகிற அப்சர்வேஷன் நோட் இருக்கிறதே, அதுதான் உண்மையான ஆவணம். கிரீஸ் கறை, அடித்தல் திருத்தல் எல்லாம் அதில் இருக்கும். மதிப்பெண்ணை அதற்குக் கொடுங்கள். அதை அழகாகப் பிரதி எடுக்கும் ரெக்கார்டு வேலையை நிறுத்துங்கள். மிச்சமாகும் நேரத்தில் ஒரே ஒரு பக்கம், அந்தச் சோதனையைப் பற்றி, ஒரு குறிப்பிட்ட ஆளுக்கு எழுதச் சொல்லுங்கள். மோட்டார் லோடு டெஸ்ட் செய்தால், "இந்த மோட்டாரை விலைக்கு வாங்கலாமா என்று கேட்கும் ஒரு விசைத்தறி உரிமையாளருக்கு எழுது." கான்கிரீட்டின் வலிமை பார்க்க க்யூப் உடைத்தால், "நாளைக்கு அடுத்த தளம் போடலாமா என்று கேட்கும் சைட் இன்ஜினியருக்கு எழுது." படிப்பவர் யார் என்று தெரிந்ததும் பிள்ளைகளின் எழுத்து மாறுவதை நீங்களே பார்ப்பீர்கள். எங்கள் தொழிற்சாலையில் புதிதாகச் சேர்பவர்களிடம் நான் அதைப் பார்த்திருக்கிறேன்.

செய்முறை எழுதக் கற்பிக்க ஒரு வழி சொல்கிறேன், செலவே இல்லாதது. லேத்தில் ஃபோர் ஜா சக்கில் (ஜாப்பை நான்கு தாடைகளால் பிடித்துச் சுழற்றும் பகுதி) ஒரு ஜாப்பை சென்டர் செய்வது எப்படி என்று ஒரு மாணவர் எழுதட்டும். அதை அந்த வேலையை இதுவரை செய்யாத இன்னொரு மாணவரிடம் கொடுங்கள். அவர் தாளில் இருப்பதை மட்டும் செய்ய வேண்டும், ஊகிக்கக் கூடாது. எழுதியவர் பக்கத்தில் வாயைத் திறக்காமல் நிற்க வேண்டும். பவரை ஆஃப் செய்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் கூடவே இருந்து நடத்த வேண்டிய பயிற்சி இது. ஏனென்றால் பத்துக்கு ஒன்பது தாளில், தாடைகளை இறுக்கும் சாவியான சக் கீயைக் கழற்றும் படி விட்டுப்போயிருக்கும். அல்லது, "ஸ்பிண்டிலை ஓட்டவும்" என்று ஒரு வரி எழுதிவிட்டு, அதற்கு அடுத்த வரியில் "ஓட்டும் முன் சக் கீயைக் கழற்றியிருக்க வேண்டும்" என்று எழுதியிருப்பார்கள். படித்துக்கொண்டே செய்பவருக்கு அந்த எச்சரிக்கை ஒரு வரி தாமதம். சக்கில் மாட்டியபடியே ஓடத் தொடங்கும் கீ எப்படிப் பறக்கும் என்று ஒர்க் ஷாப் ஆசிரியர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. எச்சரிக்கை படிக்கு முன்னால் வர வேண்டும் என்பதை மாணவர் இப்படி ஒரு முறை கண்ணெதிரே பார்த்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்க மாட்டார்.

ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவை என்று எங்கெல்லாம் வாகன உதிரிப் பாகம் செய்கிறார்களோ அங்கெல்லாம் வாடிக்கையாளர் புகார் வந்தால் எட்டு டி அறிக்கை, அதாவது பிரச்சினையின் மூல காரணத்தையும் தீர்வையும் எட்டுப் படிகளில் எழுதும் அறிக்கை, கேட்பார்கள். 1987-இல் ஃபோர்டு நிறுவனம் கையேடாகக் கொண்டுவந்த முறை, இன்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. அதில் மூல காரணம் என்ற இடத்தில் நம் பிள்ளைகள் எழுதுவது பெரும்பாலும் இதுதான்: "ஆபரேட்டர் கவனக்குறைவு." நடவடிக்கை: "ஆபரேட்டருக்கு அறிவுறுத்தப்பட்டது." வாடிக்கையாளர் அதைத் திருப்பி அனுப்புவார், அனுப்பத்தான் வேண்டும். கவனம் குறைந்தாலும் பாகம் தலைகீழாக உட்காரும்படி அதைப் பிடித்து வைக்கும் ஃபிக்ஸ்சர் ஏன் இருந்தது என்று கேட்டுப் பார்த்திருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும். எழுதத் தெரியாததை மட்டும் இதில் சொல்லிப் பயனில்லை, யோசனை பாதியில் நின்றுபோகிறது. ஒழுங்காக எழுத வைத்தால் யோசனையும் கூடவே நீளும். அது மட்டுமல்ல, ஒரு தொழிலாளியின் மேல் பழி போவதும் நிற்கும்.

செமினார் பற்றியும் ஒரு வார்த்தை. கொலம்பியா விண்கலம் 2003 பிப்ரவரி 1 அன்று திரும்பி வரும் வழியில் சிதறியது. கல்பனா சாவ்லா உட்பட 7 பேர் போனார்கள். ஏவும்போது பெயர்ந்து வந்து இறக்கையில் மோதிய நுரைத் துண்டால் ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் விண்கலம் மேலே இருந்த நாட்களிலேயே ஆராய்ந்து, ஸ்லைடுகளாகக் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு ஸ்லைடின் தலைப்பு கவலை வேண்டாம் என்கிற தொனியில் இருந்தது. மோதிய துண்டு 1920 கன அங்குலம், முன்பு சோதித்துப் பார்த்த துண்டு வெறும் 3 கன அங்குலம் என்ற செய்தி அதே ஸ்லைடின் அடியில் கிடந்தது. 640 மடங்கு! விசாரணைக் குழு தன் அறிக்கையில், தொழில்நுட்பக் கட்டுரை எழுத வேண்டிய இடத்தில் ஸ்லைடு போடும் வழக்கத்தையே கண்டித்தது. நம் கல்லூரிகளில் இப்போது எல்லாமே ஸ்லைடு என்று ஆகி வருவதால் இதைச் சொல்கிறேன். முழு வாக்கியம் எழுத வையுங்கள். முக்கியமானதை முதல் வரியில் எழுத வையுங்கள்.

அடுத்து மொழி. அறிக்கை எழுதுவது இப்போது ஆங்கிலப் பாடத்துக்குள் ஒரு அலகாக இருக்கிறது. மாணவர் பார்த்தே இராத ஒரு விபத்தைப் பற்றி, அவருக்குப் பழகாத மொழியில், இயந்திரம் தொடாத ஓர் ஆசிரியருக்கு எழுதுகிறார். ஆங்கில ஆசிரியர்கள் தங்களால் ஆனதைச் செய்கிறார்கள், ஆனால் அந்த மோட்டார் ரீடிங் சரியா தவறா என்று அவர்களால் எப்படிச் சொல்ல முடியும்? இந்த வேலையை ஒர்க் ஷாப்புக்குக் கொண்டுவாருங்கள். முதலில் தமிழில் எழுதட்டும். கான்டாக்டர், பேரிங், கப்ளிங் என்று ஷாப் ஃப்ளோரில் புழங்கும் சொற்களையே போட்டு எழுதட்டும். விஷயம் தெளிவானபின் ஆங்கிலத்துக்கு மாற்றுவதில் ஆங்கில ஆசிரியர் உதவலாம், வேலைக்கு அதுவும் தேவைதான். தமிழில் தொழில்நுட்பம் எழுத வருமா என்ற சந்தேகம் நமக்கு எப்போதோ தீர்ந்திருக்க வேண்டும். யாழ்ப்பாணம் மானிப்பாயில் 19-ஆம் நூற்றாண்டிலேயே சாமுவேல் கிறீன் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்து, அதற்கான நூல்களையும் தமிழில் கொண்டுவந்தார். 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ் வழியில் தொடங்கியது. ஷிஃப்ட் லாக் புக்கைத் தமிழில் எழுதுவது அதைவிடக் கடினம் இல்லை.

ஐம்பது அறுபது பேர் எழுதுவதை யார் படிப்பது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. எல்லாவற்றையும் ஆசிரியர் படிக்க வேண்டாம். மாணவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்து, தங்களால் பின்பற்ற முடியாத இடத்தில் கோடு போடட்டும். வாரத்துக்கு ஐந்தாறு தாள்களை மட்டும் ஆசிரியர் எடுத்து, முழுக்கப் படித்து, கேள்வி எழுதித் திருப்பிக் கொடுக்கட்டும். மாணவர் அதைத் திரும்ப எழுத வேண்டும். இந்தத் திருப்பிக் கொடுத்தல்தான் இன்று எங்கும் நடப்பதில்லை. நான் எழுதக் கற்றதே ஒரு பழைய மேலாளர் என் தாள்களை "எவ்வளவு?", "எப்போது?" என்று சிவப்பு மையில் கேட்டுத் திருப்பித் திருப்பித் தந்ததால்தான்.

இப்போது செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் ஒரு அறிக்கை எழுதித் தந்துவிடும், பிறகு எதற்கு இதெல்லாம் என்று ஒரு நண்பர் கேட்டார். நடை அழகான அறிக்கையை அது தரும். அந்த பேரிங் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டதா என்று அதற்குத் தெரியாது. அருகில் நின்று தொட்டுப் பார்த்தவர் சொன்னால்தான் உண்டு. ஆகவே பார்ப்பதையும் அளப்பதையும் அங்கேயே அப்போதே குறித்து வைப்பதையும் இன்னும் அழுத்திக் கற்பிக்க வேண்டிய காலம் இது.

அடுத்த முறை பாடத்திட்டம் திருத்த உட்காரும்போது இரண்டு முடிவுகளை மட்டும் கேட்கிறேன். முதலாவது, செய்முறைத் தேர்வில் ரெக்கார்டு நோட்டுக்கான மதிப்பெண்ணை அப்சர்வேஷன் நோட்டுக்கும் ஒரு பக்க அறிக்கைக்கும் மாற்றுங்கள். இரண்டாவது, பொருந்தாத ரீடிங்கை அப்படியே எழுதி, காரணத்தையும் யோசித்து எழுதும் மாணவருக்கு மதிப்பெண் குறையாது என்று தேர்வாளர்களுக்கான குறிப்பில் எழுத்தாகப் போடுங்கள். ஒரே நாளில் எல்லாக் கல்லூரிகளிலும் வேண்டாம். விருப்பப்படும் சில கல்லூரிகளில், ஒரு பருவம், ஒரே ஒரு ஆய்வகத்தில் தொடங்கிப் பாருங்கள்.

எங்கள் பங்குக்கு, ஆள் பெயரும் நிறுவனப் பெயரும் நீக்கிய நிஜமான ப்ரேக்டவுன் ரிஜிஸ்டர் பக்கங்களையும் ஷிஃப்ட் லாக் பக்கங்களையும் வகுப்புக்குத் தருகிறோம், நல்லதும் மோசமானதும் கலந்து. இந்த ஊரில் பராமரிப்பு, தரக் கட்டுப்பாடு பார்க்கும் சிலரிடம் பேசியிருக்கிறேன். சனிக்கிழமைகளில் வந்து மாணவர்கள் எழுதியதைப் படித்துக் கேள்வி கேட்க அவர்கள் தயார். எந்தக் கல்லூரி முதலில் கூப்பிட்டாலும் வருகிறோம்.

இப்படிக்கு,
ஒரு பராமரிப்புப் பொறியாளர்,
கோவை